குடியை விட்டாச்சு... தூக்கம் எப்போ வரும்?

குடியை விட்டுவிட்டீர்களா? ரொம்ப சந்தோஷம். கை கொடுங்கள்! உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. ராத்திரி தூக்கம் வருகிறதா?

‘அதை ஏன் சார் கேக்கறீங்க...’ என்று நீங்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது.

குடியை விட்டவரிடம் எல்லோரும் கேட்பது, ‘மறுபடி ஆசை வருதா?’ என்றுதான். மாமனார் கேட்கிறார், மச்சான் கேட்கிறார், கூட வேலை செய்கிறவர் கிண்டலாகக் கேட்கிறார். தூக்கத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. ஆனால், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து என்னிடம் வருகிற தொழிலாளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. குடியை விட்டவரை மறுபடியும் கடை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போவது பல சமயம் நாக்கின் ருசி இல்லை. தூக்கம் வராத ராத்திரிதான். ‘குடிக்கணும்னு போகலை சார். ஒரு நாளாவது தூங்கினா போதும்னு போனேன்’ என்கிறார்கள். இதில் பொய் இல்லை. குடியை விட்ட பிறகும் தூக்கக் கோளாறு நீடிக்கிறவர்கள் மறுபடி குடிக்க ஆரம்பிக்கும் வாய்ப்பு அதிகம் என்று மேல்நாட்டு ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன.

அதனால் என் கட்சி இதுதான். குடியை விட்டவருக்கு முதல் மூன்று மாதம் உபதேசத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தைக் காப்பாற்றிக் கொடுங்கள். இதில் மருத்துவருக்குப் பங்கு உண்டு, வீட்டுக்குப் பங்கு உண்டு, வேலை கொடுக்கிற கம்பெனிக்கும் பங்கு உண்டு.

ஷிப்டும் குவார்ட்டரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். இரும்பை உருக்குகிற உலைகள், கம்பி இழுக்கிற ரோலிங் மில்கள், வார்ப்படத் தொழிற்சாலைகள். உலை ராத்திரியில் தூங்குவதில்லை. அதனால் மனிதனும் தூங்க முடியாது. அந்தப் பக்கம் தேர்வாய்கண்டிகை, இந்தப் பக்கம் திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் தொழிற்பேட்டை என்று எங்கே பார்த்தாலும் ஷிப்ட் வேலைதான். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று பல இடங்களில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. சூரிய வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நேரத்தைத் திருத்திக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவை ஷிப்ட் மாறினால் அது குழம்பிப் போகிறது. ராத்திரி முழுக்க உலைச் சூட்டில் நின்றுவிட்டுக் காலையில் வீட்டுக்கு வருகிற மனிதருக்கு உடம்பெல்லாம் அசதி. ஆனால், கண்ணை மூடினால் தூக்கம் பிடிப்பதில்லை. மேலே ஷீட் போட்ட கூரை. பக்கத்து வீட்டில் மிக்ஸி. தெருவில் காய்கறி வண்டி ஸ்பீக்கர். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருக்கிற பையன்களின் நிலைமையோ இன்னும் மோசம்.

இப்படிப்பட்டவருக்கு யாரோ ஒரு ‘அனுபவசாலி’ சொல்லிக் கொடுக்கிறார்: ‘ஒரு கட்டிங் போட்டுட்டுப் படு. தூக்கம் தானா வரும்.’ கட்டிங் குவார்ட்டராகிறது. குவார்ட்டர் ஆஃப் ஆகிறது. சந்தோஷத்துக்காகக் குடித்துப் பழகியவர்களைப் போலவே, தூக்க மாத்திரைக்குப் பதிலாகக் குடித்துப் பழகியவர்களும் இந்தப் பகுதியில் ஏராளம். அவர்கள் குடியை விடும்போது கூடவே தூக்கமும் போய்விடுகிறது.

சாராயம் தருவது தூக்கமா?

‘குடிச்சா நல்லா தூக்கம் வருதே சார்?’ என்பார்கள். பாதி உண்மை. குடித்த ராத்திரியின் முதல் பாதியில் கட்டையைப் போலத் தூக்கம் வரும். உடம்பு சாராயத்தை எரித்து முடித்ததும் கதை மாறும். பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு, வியர்வை, தாகம், நெஞ்சுப் படபடப்பு. கனவு காணுகிற தூக்கம் என்று ஒரு பகுதி உண்டு. மூடிய இமைக்குள் கண்மணிகள் வேகமாக அசைகிற அந்தத் தூக்கத்தை 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சாராயம் அந்தப் பகுதியைத்தான் அமுக்கிவைக்கிறது. எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தும் அசதி தீராததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையில் அமைதிப்படுத்துகிற வேலைக்கு ஒரு ரசாயனம், உசுப்பிவிடுகிற வேலைக்கு ஒரு ரசாயனம் இருக்கின்றன. லாரிக்கு பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் மாதிரி. சாராயம் தினமும் வந்து பிரேக்கை அழுத்துகிறது. மூளை என்ன செய்யும்? ‘பிரேக்கை யாரோ அழுத்திக்கிட்டே இருக்காங்களே’ என்று தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திவிட்டு, ஆக்ஸிலேட்டரைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. ஒருநாள் திடீரென்று சாராயம் நின்றால் பிரேக் இல்லாத வண்டிதான்! கை நடுக்கம், வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் அந்த வண்டியின் ஓட்டம்.

இந்த ஏற்பாடு பழைய நிலைக்குத் திரும்ப நாளாகும். பலருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தூக்கம் ஓரளவு நேராகிவிடும். நீண்ட காலம் குடித்த சிலருக்கு ஆழ்ந்த தூக்கம் முழுசாகத் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனிதன் தாங்கிக்கொள்வான். சொல்லாமல் விட்டால், ‘குடிச்சப்போவாவது தூங்கினேன். விட்டப்புறம் பைத்தியம் பிடிக்குதே’ என்று முடிவு கட்டிவிடுவான்.

இது மன உறுதி இல்லாதவர்களின் கதை என்று நினைப்பவர்களுக்கு 2020-ஐ ஞாபகப்படுத்துகிறேன். அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது டாஸ்மாக் கடைகள் பல வாரங்கள் மூடிக் கிடந்தன. குடிப்பவர்களின் உறுதியை யாரும் கேட்கவில்லை, கடையே இல்லை. தினமும் குடித்துப் பழகிய உடம்புகள் ஒரே சமயத்தில் தவித்தன. நடுக்கத்தையும் விழிப்பையும் தாங்க முடியாமல், சாராயம் இல்லாத திரவங்களையும் குடித்துத் தமிழ்நாட்டில் உயிரை விட்டவர்கள் உண்டு. உடம்பு கேட்கிற கேள்விக்கு மனசு மட்டும் பதில் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எங்கள் சித்த மருத்துவத்தில் ‘குடிவெறி நோய்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நோய் என்றால் சிகிச்சை உண்டு. திட்டுவது சிகிச்சை ஆகாது.

முதல் வாரம் ஆஸ்பத்திரிக்குத்தான்!

நான் சித்த மருத்துவன். ஆனாலும் இதைச் சத்தமாகவே சொல்கிறேன். தினமும் அதிகமாகக் குடித்தவர் நிறுத்துகிற முதல் வாரம், சூரணத்துக்கும் கஷாயத்துக்கும் உரிய நேரம் அல்ல. மருத்துவமனைக்குரிய நேரம்.

கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். ‘சுவத்துல பூச்சி ஓடுது’, ‘யாரோ கூப்பிடறாங்க’ என்பார்கள். காய்ச்சல் அடிக்கும், ஆளை அடையாளம் தெரியாது. வீட்டில் உள்ளவர்கள் காற்று, கருப்பு என்று பயந்துபோய் வேப்பிலை அடிக்க அழைத்துப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இது உயிரை எடுக்கக்கூடிய நிலை. 108-க்குப் போன் செய்யுங்கள். முன்பு ஒரு தடவை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், வேறு நோய் உள்ளவர், வயதானவர் எல்லாம் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தவே வேண்டும்.

இன்னொன்று. ‘தெருமுனை கிளினிக்ல ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா சரியாயிடும்’ என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பல வருஷம் குடித்தவர் உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மூளை பாதித்து ஞாபகமே குலைந்துபோகலாம். மருத்துவரிடம், ‘இவர் தினமும் குடிச்சவர், இப்ப நிறுத்தியிருக்கார்’ என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காப்பாற்றும்.

திருவள்ளூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் அவர்கள் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய் சிகிச்சையில் முன்னோடி. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். போதைப் பழக்கத்துக்கென்றே உள்ள எண் அது.

மூன்றாம் வாரம் ஜாக்கிரதை!

முதல் வாரம் தாண்டியதும் நடுக்கம் போய்விடும். பசி எடுக்கும். முகம் தெளியும். வீட்டில் எல்லோரும், ‘அப்பாடா, முடிஞ்சுது’ என்று நிம்மதி ஆவார்கள். தொல்லை ஆரம்பிக்கிற நேரமே அதுதான். உடம்பு நலமாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தூக்கம் மட்டும் வரவில்லை. மூன்றாம் வாரம், நாலாம் வாரம் பாராட்டும் குறைந்துவிடும். ராத்திரி ஒன்றரை மணிக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு அவர் தனியாகக் கிடப்பார்.

கனவு வேறு! இத்தனை நாள் அமுங்கிக் கிடந்த கனவுத் தூக்கம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வருகிறது. பயங்கரக் கனவுகள் வரும். குடிப்பது போலவே கனவு வரும். விடிந்ததும், ‘ஐயோ, குடிச்சிட்டேனா?’ என்று பதறி எழுந்து உட்காருவார். வீட்டுக்காரம்மா, ‘மனசுல இன்னும் அதே நெனப்புதானா?’ என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், மனிதர் நொறுங்கிவிடுவார். அம்மா, கனவில் குடிப்பது குற்றம் இல்லை. குடியை விட்ட பலருக்கும் வருகிற கனவுதான் அது. மூளை தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது இப்படியெல்லாம் வரும்.

குறுக்கு வழிகள் நாலு... நாலும் குழி

தூக்கத்துக்காக நம் ஜனங்கள் தேடிப் போகிற குறுக்கு வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, தூக்க மாத்திரை. அல்பிரசோலம், டயஸிபாம், நைட்ரஸிபாம் என்று பெயர் சொல்லியே கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரத்தில் மருத்துவமனையில் இந்த இனத்து மருந்துகளை அளவோடு கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அது சிகிச்சை. நீங்களே வாங்கித் தினமும் போட்டுக்கொண்டால் ஓர் அடிமைத்தனத்துக்குப் பதில் இன்னொன்று. சாராயம் அழுத்தும் அதே பிரேக்கைத்தான் இந்த மாத்திரைகளும் அழுத்துகின்றன. மாத்திரை போட்டுவிட்டு என்றைக்காவது குடித்தால் மூச்சே நின்றுபோகலாம். மறுநாள் அசதி மயக்கத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ரோலிங் மில்லில் நிற்கிறவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இவை மருந்துச் சீட்டுடன், பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டிய மருந்துகள். 2014-லிருந்து அப்படித்தான் விதி.

இரண்டாவது, அரிஷ்டம். இதை நாட்டு மருந்துக்காரன் நானே சொன்னால்தான் நம்புவீர்கள். அசுவகந்தாரிஷ்டம், திராட்சாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களும் ஆசவங்களும் புளிக்கவைத்துத் தயாராகிறவை. அதில் இயற்கையாகவே சாராயம் உண்டாகும். 100 மில்லியில் சாதாரணமாக 5-லிருந்து 10 மில்லி வரை இருக்கும். சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கலாம். மற்றவர்களுக்கு மருத்துவர் சொல்கிற அளவில் அது மருந்து. குடியை விட்டவருக்கு அது பின்வாசல் வழியாக வருகிற அதே சாராயம்! ‘நரம்புக்கு நல்லது, தூக்கம் வரும்’ என்று யார் வாங்கிக் கொடுத்தாலும் தொடாதீர்கள். இருமல் மருந்து வாங்கும்போதும் லேபிளைப் பாருங்கள். எங்களிடம் வந்தால் முதலிலேயே, ‘நான் குடியை விட்டவன்’ என்று சொல்லிவிடுங்கள். சூரணமாகவோ குடிநீராகவோ மாற்றிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

மூன்றாவது, கசகசாவும் ஜாதிக்காயும். கசகசா அபின் செடியின் விதை. சமையலில் போடுகிற அளவு பற்றிக் கவலை இல்லை. அரைத்து அரைத்துத் தினமும் தம்ளர் கணக்கில் குடிப்பது, அடிமைப் பழக்கத்திலிருந்து மீள்பவருக்கு உகந்தது அல்ல. வளைகுடா நாடுகளுக்குக் கசகசா கொண்டுபோய் மாட்டிக்கொண்டவர்கள் கதையைக் கேட்டிருப்பீர்களே! ஜாதிக்காயும் அப்படித்தான். அளவு மிஞ்சிப் போனால் படபடப்பும் மனக் குழப்பமும் வரும்.

நாலாவது, ‘பீர் மட்டும்’. இதற்கு விளக்கம் வேண்டாம். பீரிலும் அதே சாராயம்தான் இருக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

எங்கள் மருத்துவத்தில் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் தூக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். பசி, தாகம், இருமல், தும்மல் மாதிரி தூக்கமும் தானாக வருகிற ஒன்று. அதை அதட்டி வரவழைக்க முடியாது. வருகிற வழியை விட்டு நாம் விலகி நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

எழுந்திருக்கும் நேரத்தை முதலில் நிலையாக வையுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஆறு என்றால் ஆறு மணிக்கு எழுந்துவிடுங்கள். எழுந்ததும் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடங்கள். மூளைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அந்தக் காலை வெயில்தான்.

தூக்கம் வந்தால் மட்டும் பாய்க்குப் போங்கள். இருபது நிமிஷமாகப் புரண்டுகொண்டே இருக்கிறீர்களா? எழுந்து வந்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கொட்டாவி வந்ததும் திரும்பப் போங்கள். கைபேசியைத் தொடாதீர்கள். பாய் என்றாலே போராட்டம் என்று மனசு பழகிவிடக் கூடாது. மேல்நாட்டு மருத்துவர்களும் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்தப் பயிற்சி முறையைத்தான் சொல்கிறார்கள்.

பகல் தூக்கம் வேண்டாம் என்று தேரையர் சொல்லிவைத்திருக்கிறார். பகல் வேலைக்காரர்களுக்கு அது அப்படியே பொருந்தும். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகிற ரயிலில் பொன்னேரி தாண்டும் முன்பே தலை சாய்கிறதல்லவா? சாயங்காலம் அந்த ஒரு மணி நேரத் தூக்கம், ராத்திரித் தூக்கத்திலிருந்து எடுத்த கடன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவீர்கள் என்றால் நின்றுகொண்டே போங்கள். ராத்திரி ஷிப்ட் செய்கிறவருக்கு மட்டும் இந்த விதி தலைகீழ். அவருக்குப் பகல்தான் ராத்திரி. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, காதில் பஞ்சு வைத்து, வீட்டார் துணையோடு தூங்க வேண்டும்.

டீயைக் கவனியுங்கள். குடியை விட்டவர்கள் பலர் அந்த இடத்தில் டீயையும் சிகரெட்டையும் உட்காரவைத்துவிடுகிறார்கள். உள்ளே போன காபி, டீயின் சத்தில் பாதி, ஐந்து ஆறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். படுப்பதற்கு எட்டு மணி நேரம் முன்பே கடைசி டீயை முடித்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட்டும் நரம்பை உசுப்புகிறவைதான்.

பசியோடு படுக்காதீர்கள். சாராயத்தில் வயிற்றை நிரப்பிப் பழகியவருக்கு ராத்திரி சர்க்கரை குறைந்து விழிப்பு வருவதுண்டு. எட்டு மணிக்குள் இட்லி, இடியாப்பம் மாதிரி எளிதாகச் செரிக்கிற உணவு, படுக்கும்போது வெதுவெதுப்பான பால் போதும். உடம்புச் சூடு தணிய வாரம் ஒரு தடவை, லீவு நாளில் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியுங்கள். குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது. மற்ற நாட்களில் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெந்நீர்க் குளியல். கைகால் எரிச்சல் உள்ளவர்கள் பாதத்தில் நல்லெண்ணெய் தடவலாம்.

அமுக்கரா சூரணம் பற்றிக் கேட்பீர்கள். நரம்புத் தளர்ச்சிக்கும் தூக்கத்துக்கும் நாங்கள் காலங்காலமாகக் கொடுப்பதுதான். ஆனால், அமுக்கராவால் சிலருக்கு ஈரல் பாதித்ததாக வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023-ல் அதற்குத் தடையே போட்டது. நல்ல ஈரல் உள்ளவர்களுக்கு இது அபூர்வம். குடித்துக் குடித்து ஈரல் வீங்கியவர் விஷயம் அப்படி அல்ல. ரத்தப் பரிசோதனையில் ஈரலின் நிலை தெரிந்த பிறகே, தகுதியுள்ள சித்த மருத்துவர் கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும். மஞ்சள் காமாலை இருக்கும்போது கூடவே கூடாது.

ஒரு மாதம் இதையெல்லாம் செய்தும் தூக்கம் வரவில்லையா? குறட்டையும் மூச்சுத் திணறலும் இருக்கிறதா? எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வருகிறதா? மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிமிஷமே 14416-க்குப் பேசுங்கள். ராத்திரி எந்த நேரமானாலும் எடுப்பார்கள்.

வீட்டாருக்கு...

அம்மா, தாயே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் குடித்த காலத்தில் நீங்களும்தான் தூங்கவில்லை. எப்போது கதவைத் தட்டுவாரோ என்று விழித்துக் கிடந்த பழக்கம் உங்களையும் சீக்கிரம் விடாது. உங்கள் தூக்கத்துக்கும் இதே வழிகள் பொருந்தும்.

பழைய கணக்குகளை ராத்திரி ஒன்பது மணிக்குப் பிரிக்காதீர்கள். அடகு நகை, அண்ணன் தம்பி சண்டை, பையனின் பீஸ் எல்லாம் பேச வேண்டிய விஷயங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை பகலில் பேசிக்கொள்ளலாம். அவர் நடு ராத்திரியில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்தால் சந்தேகப்பட்டு வாயை முகர்ந்து பார்க்க வேண்டாம். ‘தூக்கம் வரலையா? சரி, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க’ என்றால் போதும். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்க, 1935-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற அமைப்பு நம்மூரிலும் கூட்டங்கள் நடத்துகிறது. பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலும் சேராமல் பார்த்துக்கொள் என்பது அவர்கள் வட்டாரத்துப் பாடம். நாலில் அசதியும் ஒன்று என்பதைக் கவனியுங்கள்.

கம்பெனிகளுக்கு...

கடைசியாக, ஆலை நடத்துகிறவர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும். குடியை விட்டு வேலைக்குத் திரும்புகிற தொழிலாளிக்கு மூன்று மாதம் ராத்திரி ஷிப்ட் போடாதீர்கள். காலை ஷிப்டோ ஜெனரல் ஷிப்டோ, ஏதோ ஒன்றை நிலையாகக் கொடுங்கள். இதற்குப் பெரிய செலவு கிடையாது. பட்டியலில் ஒரு பெயரை மாற்றி எழுதுகிற வேலைதான்.

‘ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்களே?’ என்பீர்கள். கால் உடைந்தவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்கிறீர்கள். எல்லோருமா காலை உடைத்துக்கொண்டு வருகிறார்கள்? ‘ராத்திரிக்கு ஆள் பத்தாதே?’ என்பதும் நியாயமான கவலைதான். ஆனால், பழகின உலை ஆள் மறுபடி குடியில் விழுந்து நின்றுவிட்டால், புது ஆளைப் பழக்க எத்தனை மாதம் ஆகும்? தூக்கமில்லாத கண்ணோடு ஒருவர் காய்ச்சிய இரும்புக்குப் பக்கத்தில் நின்றால் அவருக்கு மட்டுமா ஆபத்து? மூன்று மாதத்துக்குப் பிறகு ஷிப்ட் மாற்றும்போது காலை, மதியம், ராத்திரி என்ற வரிசையில் முன்னோக்கி மாற்றுங்கள். தலைகீழாக மாற்றுவதைவிட உடம்புக்கு அது எளிது.

தொழிலாளித் தோழரே, ‘குடிகாரன்னு முத்திரை குத்திடுவாங்க’ என்று நீங்கள் பயப்படுவது தெரிகிறது. மருத்துவர் கொடுக்கிற கடிதத்தில் குடியைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. ‘தூக்கக் கோளாறு. மூன்று மாதம் இரவுப் பணி தவிர்க்கவும்’ என்று எழுதினால் போதும். அது பொய்யும் அல்ல. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அங்கேயே கேட்டு வாங்கலாம். கான்ட்ராக்ட் ஆட்களுக்குத்தான் கஷ்டம். கேட்டால் வேலையே போய்விடுமோ என்ற பயம். அவர்களுக்காக யூனியனும் கூட வேலை செய்கிறவர்களும் கேட்க வேண்டும். ஷிப்டை மாற்றிக்கொண்டு உதவுகிற ஒரு நண்பர், கட்டிங் வாங்கித் தருகிற பத்து நண்பர்களுக்குச் சமம்.

திருவள்ளூரில் சயனக் கோலத்தில் இருப்பவர் வீரராகவப் பெருமாள். ‘வைத்திய வீரராகவர்’ என்றே பெயர். நோய் தீர வேண்டிக்கொண்டு அமாவாசைக்கு அமாவாசை ஜனங்கள் குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள். அந்தத் தல வரலாறு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கிழவர் வேஷத்தில் வந்த பெருமாள் சாலிஹோத்ர முனிவரிடம் சாப்பிட்டு முடித்ததும், ‘நான் படுக்க இடம் எவ்வுள்?’ என்று கேட்டாராம். முனிவர் தன் இடத்தையே காட்டிக் கொடுத்தார். அப்படித்தான் அந்த ஊர் திருஎவ்வுள் ஆனது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்போது அதே கேள்வியோடுதான் நிற்கிறார். குடியை விடுகிற கடினமான வேலையை அவர் செய்துவிட்டார். இன்று ராத்திரி அவர் படுக்க ஓர் இருட்டான, சத்தமில்லாத மூலையை ஒதுக்கிக் கொடுங்கள்.